மாநிலக் காவல்துறைத் தலைவர்: தகுதியும் பதவிக்காலமும்

இந்திய மாநிலம் ஒன்றின் காவல்துறைக்குத் தலைமை வகிப்பவர் தலைமை இயக்குநர், அதாவது டி.ஜி.பி. ஐ.பி.எஸ். அதிகாரியாக ஹைதராபாத் தேசியக் காவல் அகாதமியில் பயிற்சி பெற்று, எஸ்.பி., டி.ஐ.ஜி., ஐ.ஜி. எனப் படிப்படியாக உயர்ந்தவரே இப்பதவிக்கு வருகிறார். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அளவுகோல் வகுத்தது. பணிக்காலம், மிக நல்ல பணிப்பதிவு, பரந்த அனுபவம் ஆகியவற்றை எடைபோட்டு யு.பி.எஸ்.சி. மூத்த அதிகாரிகள் மூவரின் பட்டியலைத் தர வேண்டும். அவர்களில் ஒருவரை மாநில அரசு நியமிக்க வேண்டும். அவர் குறைந்தது 2 ஆண்டுகள் பதவியில் இருக்க வேண்டும்.

பணிக்காலத்தையும் பணிப்பதிவையும் கோப்பே சொல்லிவிடும். அனுபவத்தை அப்படி அளக்க முடியாது. காவல் நிலைய ஆய்வுக்குப் போகும் எஸ்.பி. ஒரு வழக்கு நாட்குறிப்பைப் புரட்டுகிறார். பத்து நாள் விசாரணையும் ஒரே மூச்சில், ஒரே மையில் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் கண் மாவட்டத்தில் உழைத்தவருக்கே வாய்க்கும். கீழிருந்து வரும் அறிக்கையில் எது மெய், எது பூச்சு என்று தலைமையகத்தில் அமர்ந்து பிரித்தறிய அந்தக் கண்தான் வேண்டும். சட்டம் ஒழுங்கு, புலனாய்வு, உளவு, ஆயுதப்படை ஆகியவற்றில் ஓரிரண்டை மட்டுமே அறிந்தவர் மற்றவற்றில் பிறர் சொல்லை நம்பியே முடிவெடுப்பார். இவற்றோடு, முறையற்ற உத்தரவை மறுக்கும் உறுதியும் தேவை. என் மதிப்பீட்டில் முதன்மையான தகுதி இதுவே. ஆனால் நாளையே மாற்றப்படக்கூடியவரிடம் அந்த உறுதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. தலைமைக்கு உறுதியான பதவிக்காலம் வேண்டுமெனத் தேசியக் காவல் ஆணையம் 1979-லேயே பரிந்துரைத்ததும் இதனால்தான்.

காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது, மக்களுக்குப் பதில் சொல்வது அரசுதானே என்ற ஆட்சேபம் வலுவானதே. ஆனால் மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அரசிடமே இருக்கிறது. தக்க காரணமின்றி நீக்கும் உரிமைதான் இல்லை. கேரளத்தில் 2016-இல் மாற்றப்பட்ட டி.ஜி.பி. டி.பி. சென்குமாரை மீண்டும் அமர்த்தும்படி உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஜூன் இறுதியில் அவர் ஓய்வுபெற்றுவிட்டார். வழக்கில் வென்றும், இழந்த காலம் திரும்பவில்லை. பொறுப்பு டி.ஜி.பி. நியமனம் கூடாதென 2018 ஜூலையில் நீதிமன்றம் ஆணையிட்டிருந்தும், 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டு டி.ஜி.பி. சங்கர் ஜிவால் ஓய்வுபெற்றபோது அங்கே பொறுப்பு டி.ஜி.பி.யே அமர்த்தப்பட்டார். பதவி காலியாவதற்கு 3 மாதங்கள் முன்பே யு.பி.எஸ்.சி.க்குப் பெயர்களை அனுப்ப வேண்டும் என்கிறது அதே ஆணை. ஓர் அதிகாரி ஓய்வுபெறும் நாளோ அவர் பணியில் சேர்ந்த அன்றே அரசுக்குத் தெரியும்.