விதைத்தவர் ஒருவர்: சி. சு. செல்லப்பாவின் எழுத்துப்பணி

தேனியிலிருந்து கம்பம் நோக்கிச் செல்லும் சாலையில் வீரபாண்டியைக் கடந்து தெற்கே சென்றால், முல்லைப் பெரியாற்றின் நீரால் செழித்த வயல்களுக்கிடையே சின்னமனூரை அடைகிறோம். வீரபாண்டியை அதன் சித்திரைத் திருவிழாவால் நாடறியும். சின்னமனூரையோ பாண்டியர் செப்பேடுகளால் வரலாற்று மாணவர் அறிவர். மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியரின் பெருமைகளாகக் கூறும் செப்பேடு அது. அத்தகைய ஊரில் 1912 செப்டம்பர் 29 அன்று பிறந்தவர் சி. சு. செல்லப்பா. அவர் பெயரின் முதலெழுத்தே சின்னமனூரைத்தான் குறிக்கிறது.

அவர் வளர்ந்தது வத்தலக்குண்டில். 'கமலாம்பாள் சரித்திரம்' தந்த ராஜம் ஐயருக்கும், 'மணிக்கொடி' பி. எஸ். ராமையாவுக்கும் அதுவே சொந்த ஊர். மதுரையில் கல்லூரிக் கல்வி கற்ற செல்லப்பா, 1930-களில் சிறுகதை எழுதத் தொடங்கினார். 'மணிக்கொடி' இதழ் அவரை வளர்த்தது. காந்தியடிகளின் அழைப்பை ஏற்று விடுதலைப் போரில் ஈடுபட்டு, 1941-இல் சிறை சென்றார்.

1959-இல் நூலாக வெளிவந்த 'வாடிவாசல்' அவருடைய புகழ்பெற்ற படைப்பு. கதை முழுவதும் ஒரே நாளில், ஒரு ஜல்லிக்கட்டுத் திடலில் நிகழ்கிறது. தன் தந்தை அம்புலியின் உயிரைக் குடித்த காரிக் காளையை அடக்க வருகிறான் பிச்சி. காளைக்கு உடையவர் ஜமீன்தார். பிச்சி வெல்கிறான், தோற்ற காளையை ஜமீன்தார் சுட்டு வீழ்த்துகிறார். வீரத்தைப் புகழ்வதோடு நிற்கும் கதையன்று இது. மனிதரின் மானம், குடும்பக் கடன், செல்வரின் செருக்கு ஆகிய மூன்றுக்கும் நடுவே வாயற்ற ஓர் உயிர் பலியாவதை அது நமக்குக் காட்டுகிறது. பாத்திரங்கள் பேசுவது அம்மண்ணின் பேச்சு. திண்டுக்கல் அருகே கொசவப்பட்டியில் புனித அந்தோணியார் திருவிழாவையொட்டி ஜல்லிக்கட்டு நடத்தும் நம் மக்களுக்கு இக்கதையின் உலகம் அயலானதன்று. அத்திடலில் நாம் எதைக் கொண்டாடுகிறோம் என்று நம்மையே கேட்கவைக்கும் நூல் இது.

அதே 1959-ஆம் ஆண்டு சனவரியில் 'எழுத்து' என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். இலக்கியத்தைப் பொழுதுபோக்காகக் கொள்ளாமல் அதனைச் சீர்தூக்கிப் பார்க்கும் திறனாய்வை வளர்ப்பதே அதன் நோக்கம். புதுக்கவிதை அதன் பக்கங்களில்தான் வேரூன்றியது. ந. பிச்சமூர்த்தி முதலிய மூத்தவரோடு, சுந்தர ராமசாமி, வெங்கட் சாமிநாதன், திருகோணமலையில் பிறந்த பிரமிள் போன்ற இளையோரும் அதில் எழுதினர். 1962-இல் 'புதுக்குரல்கள்' என்னும் கவிதைத் தொகுப்பையும் வெளியிட்டார். கைப்பொருள் கரைந்தபோதும் அவர் மனம் கரையவில்லை. புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். 119 இதழ்கள் வெளிவந்தபின், 1970-இல் 'எழுத்து' நின்றது. வாங்குவோர் பெருகியிருந்தால் அது நின்றிருக்காது என்பதை வாசகராகிய நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எண்பது வயதைக் கடந்த நிலையில், தாம் கண்ட விடுதலைப் போரை 'சுதந்திர தாகம்' என்னும் மூன்று பாகப் பெருநாவலாக வெளியிட்டார். 1998 டிசம்பர் 18 அன்று மறைந்தார். அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001-இல் கிடைத்தது. அதைப் பெற அவர் இல்லை.

இதையொத்த வாழ்வொன்றைக் கடல்கடந்தும் காண்கிறோம். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தில் 1925-இல் பிறந்த ஃபிளானரி ஓ'கானர் ஆழ்ந்த கத்தோலிக்கர். சீர்திருத்த சபையினரே மிகுந்திருந்த அப்பகுதி மக்களின் பேச்சையும் பிழைகளையும் கொண்டே இறையருளின் செயலை எழுதினார். தந்தையைக் கொன்ற அதே நோய் தம்மையும் பற்றியபோது, தாயாருடன் பண்ணை வீட்டில் தங்கி எழுத்தைத் தொடர்ந்தார். 1964-இல், 39-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய சிறுகதைத் தொகுப்புக்கு அந்நாட்டின் தேசிய நூல் விருது 1972-இல் வழங்கப்பட்டது. அவரும் அதைக் காணவில்லை.

இருவருக்கும் சமயம் வேறு, மொழி வேறு. ஆயினும் தமக்கு அளிக்கப்பட்ட மண்ணை விட்டு இருவரும் அகலவில்லை. விளைச்சலைக் காணும்வரை காத்திருந்து உழைக்கவுமில்லை. விளைச்சலுக்குக் கணக்குக் கேட்காத உழைப்பைத்தானே நாம் அழைத்தல் என்கிறோம்? மண்ணுள் மறைந்த கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னது மறைசாட்சியருக்கு மட்டும் உரியதன்று. மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியைக்கும், பங்கின் பாடற்குழுவை நடத்துபவருக்கும், சிற்றிதழ் நடத்துபவருக்கும் அது பொருந்தும். அவர்கள் மறைந்தபின் மாலை சூட்டுவது எளிது. அவர்கள் சுமை தூக்கி நம் வாயிலுக்கு வரும்போதே ஒரு நூலை வாங்கி வாசிப்பது நம் கடமை. செல்லப்பா சுமந்து வந்த நூல்கள் இன்று மறுபதிப்புகளாக நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. 'வாடிவாசலில்' இருந்து நாம் தொடங்கலாம்.