ஆனி தாக்கரேவின் அம்மா
'வேனிட்டி ஃபேர்' நாவலை எழுதின தாக்கரேயைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1840 மே மாசம் அவர் மனைவி இசபெல்லாவுக்கு மூன்றாவது பெண் குழந்தை பிறக்குது. இரண்டாவது, முந்தின வருஷமே இறந்துபோச்சு. பிரசவத்துக்கு அப்புறம் கடுமையான மனச்சோர்வு. மூத்தவள் ஆனிக்கு அப்போ 3 வயசு. கடற்கரையில அம்மா தன்னைத் தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போனது அவளுக்குப் பிற்காலத்திலும் நினைவிருந்தது. செப்டம்பரில், அயர்லாந்து போற கப்பல்ல இருந்து இசபெல்லாவே கடலில் குதிச்சாங்க. காப்பாத்திட்டாங்க, ஆனா குணமாகவே இல்லை.

பிள்ளைகள் பாரிஸில் பாட்டிகிட்ட வளர்ந்தாங்க. 1846இல் அப்பா லண்டனுக்குக் கூட்டிட்டு வந்துட்டார். ஆனியும் நாவலாசிரியை ஆனாங்க.

'தாய்க்கு அப்படின்னா பிள்ளையும் அப்படித்தான்'னு சட்டுனு சொல்லிடுறோம். ஆனி கதையில எனக்குப் பெரிசாத் தெரியறது அந்தப் பாட்டியும் அப்பாவும்தான். இசபெல்லாவோ, கணவர் இறந்த பிறகும் 30 வருஷம் வேறொரு வீட்டில், அடுத்தவங்க பராமரிப்பில் வாழ்ந்தாங்க.