நசுங்கத் தெரிந்த வண்டி

காலர் எலும்பு முறிந்து வந்தவர், கையைத் தூளியில் போட்டுக்கொண்டு போனில் தன் கார் போட்டோவைக் காட்டினார். முன்பக்கம் அப்பளம். "தகர டப்பா சார். அந்தக் காலத்து வண்டின்னா இரும்பு. சுவர்தான் பெயர்ந்திருக்கும்."

நான் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். கதவு நாலும் ஒழுங்காகத் திறந்திருக்கு. கண்ணாடிக்குப் பின்னால் வண்டி வண்டியாகவே இருக்கு. இது தற்செயல் இல்லைங்க. இதுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு.

ஆரம்பக் கால கார்களின் அடித்தளம் ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். இரண்டு நீளமான எஃகுச் சட்டங்கள், நடுவில் குறுக்குச் சட்டங்கள். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி இப்படித்தான். எஞ்சின், அச்சு எல்லாம் ஏணியில். பாடியைத் தனியாகச் செய்து மேலே உட்காரவைத்து போல்ட் போடுவார்கள். நம்மூர் பஸ், லாரி இன்னும் அதே கதை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெறும் சேஸிஸை ஒருத்தர் ஓட்டிப் போவதை ஹைவேயில் பார்த்திருப்பீங்களே, கரூருக்கு பஸ் பாடி கட்டப் போகும் வண்டியாக இருக்கும்.

1922-ல் இத்தாலியின் லான்சியா லாம்ப்டா ஏணியையே தூக்கிப் போட்டது. கப்பல் கூடு மாதிரி, பாடியே எடையைத் தாங்கும். 1934-ல் சிட்ரோயன் இதைப் பெரிய அளவில் செய்தது. வண்டி இலேசானது, தாழ்ந்தது. ஆனால் விபத்து பற்றிய எண்ணம் மட்டும் மாறலை. எவ்வளவு விறைப்போ அவ்வளவு பத்திரம்!

இங்கேதான் எங்க துறை உள்ளே வருது. ஹியூ டி ஹேவன் டாக்டர் இல்லை. 1917-ல் பயிற்சி விமானியாக இருந்தபோது நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதி விழுந்தவர். கல்லீரல், கணையம் எல்லாம் கிழிந்தும் பிழைத்தார். 'நான் ஏன் சாகலை?' என்ற கேள்வி அவரை விடவே இல்லை. 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் உயிரோடு இருப்பவர்களைத் தேடி ஆராய்ந்து 1942-ல் எழுதினார். அவர்கள் விழுந்த இடம் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்திருந்தது. விழுவது கொல்வதில்லை, சட்டென்று நிற்பதுதான் கொல்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 10 செ.மீ.க்குள் நின்றால், சீட்பெல்ட் போட்ட உடம்பின் மேல் வரும் விசை அதன் எடையைப்போல சுமார் 100 மடங்கு. முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கி நின்றால் சுமார் 16 மடங்கு. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் உயிர் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கு. மகாதமனியின் வளைவு அசையும், அதற்குக் கீழே முதுகெலும்பை ஒட்டிய பகுதி அசையாது. திடீரென்று நின்றால் இரண்டும் சேரும் இடத்தில் கிழியும். கிழிந்தவர்களில் பெரும்பாலோர் எங்களிடம் வந்து சேர்வதே இல்லை.

மெர்சிடிஸில் வேலை பார்த்த பேலா பாரெனி இதை வண்டியாக யோசித்தார். 1951-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1952-ல் கிடைத்தது. ஆட்கள் உட்காரும் நடுப்பகுதி பெட்டகம் மாதிரி உறுதி; முன்னும் பின்னும் வேண்டுமென்றே பலவீனம். நீளச் சட்டங்களில் எங்கே, எந்த வரிசையில் மடங்கணும் என்று முன்பே தீர்மானித்துவிடுவது. 1959-ல் டபிள்யூ 111 மாடலில் அது சாலைக்கு வந்தது.

அமெரிக்காவின் செவ்ரோலெ பெல் ஏருக்கும் 1959 மாடல் உண்டு. பார்த்தாலே பீரங்கி. 2009-ல் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் ஒரு பெல் ஏரையும் 2009 மாலிபு காரையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. வீடியோ நெட்டில் இருக்கு, பாருங்க. பழைய வண்டியில் ஓட்டுநர் இருக்கும் இடமே நொறுங்கிப்போச்சு. நிஜ மனுஷன் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபு டிரைவருக்கு? காலில் சின்ன அடி இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போ என் ஆதங்கம். இத்தனையும் செய்து கொடுத்த வண்டியை வாங்கிவந்து, முன்னால் கனமான பம்பர் கார்டு மாட்டுகிறோம். 2017 டிசம்பரிலேயே இவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியாச்சு. கடையில் இன்னும் தொங்குது. ஏர்பேக் எப்போது விரியணும் என்ற கணக்கையும் இது குழப்பலாம். நடந்து போகிறவர் மேல் பட்டால் என்ன ஆகும் என்பது தனிக் கதை. இன்னொன்று டிங்கரிங். ஒருமுறை மடங்கிய சட்டத்தைச் சூடு காட்டி இழுத்து நேராக்கினால், பெயின்ட் அடித்ததும் புதுசு மாதிரி இருக்கும். அடுத்த தடவை அது பழைய மாதிரி மடங்காது.

உங்க வண்டியில் கார்டு இருந்தால் குனிந்து, அதன் போல்ட் எங்கே மாட்டியிருக்கு என்று பாருங்க. நசுங்குவதற்கென்றே செய்த அந்த நீளச் சட்டங்களின் முனையில் மாட்டியிருந்தால், நாளைக்கே கழற்றிடுங்க.