வெள்ளியில் பதிந்த முகம்

மக்கபேயர் நூல்களில் நாம் சந்திக்கும் அந்தியோக்கு எப்பிபான் மன்னனின் முகம் நாணயங்களில் இன்றும் காணக் கிடைக்கின்றது. ஏறக்குறைய 17 கிராம் எடையுள்ள நான்கு திராக்மா வெள்ளிக் காசுகள் அவை. கொடுங்கோலனைத் தேடும் நம் கண்களுக்குப் புலப்படுவதோ தலையில் அரசப்பட்டை கட்டிய, மீசை தாடியற்ற இளமுகம்!

மாமன்னர் அலெக்சாந்தரின் வெள்ளிக் காசில் சிங்கத்தோல் அணிந்த ஏராக்கிளீசின் தலையே இருந்தது. கி.மு. 323-இல் அவர் இறந்தபின், அவருடைய படைத்தலைவர்கள் முதலில் அவரது உருவத்தையும், பின்னர் தத்தம் உருவங்களையும் பொறிக்கலாயினர். கி.மு. 175-இல் அரியணை ஏறிய அந்தியோக்கு இன்னும் ஒருபடி மேலே சென்றான். தொடக்கக் காசுகளில் வெறும் 'அரசர் அந்தியோக்கு' என்றிருந்தவன், பின்னர் 'வெளிப்பட்ட கடவுள்' என்று பொறித்துக்கொண்டான். மறுபுறத்தில் சேயுசு அரியணையில் வீற்றிருந்தது. அந்தச் சேயுசுக்கே கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தை உரிமையாக்கினான்.

கி.மு. 164-இல் யூதா மக்கபே ஆலயத்தைத் தூய்மைப்படுத்தினார். பிற்காலத்தில் அக்குடும்பத்து யோவான் இர்க்கான் வெளியிட்ட சிறு வெண்கலக் காசுகளில் மனித முகமே இல்லை. ஆயினும் நம் ஆண்டவர் காலத்தில் ஆலய வரிக்கு ஏற்கப்பட்டது, வெள்ளியின் தூய்மை கருதி, மெல்கார்த்துத் தெய்வத்தின் தலை பொறித்த தீர் நகரக் காசே.