சின்னப் பெட்டியும் பெரிய ப்ராசசரும் - ஒரு குட்டி வரலாறு

இந்த முறை கொஞ்சம் டெக்னிக்கல். பயப்படாமல் படியுங்கள் :)

2018-ல் சித்தப்பா தன் ஆபீஸில் கழித்துக் கட்டிய ஒரு குட்டி டெஸ்க்டாப்பை பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு கோர் கொண்ட பென்டியம் ஈ5200. வைஸ் சிட்டி அருமையாக ஓடியது (அதற்கு 800 மெகாஹெர்ட்ஸே போதும்). அண்ணனுக்கோ ஜிடிஏ 5 வேண்டும். 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த அந்த கேம் கேட்ட குறைந்தபட்ச ப்ராசசர், நான்கு கோர் உள்ள க்யூ6600. "ப்ராசசரை மட்டும் மாத்திட்டா போதும்டா" என்றான்.

இந்த 'மட்டும் மாத்திட்டா' ஆசை ரொம்பப் பழையது. 1992-லேயே இன்டெல், 486 வைத்திருந்தவர்களுக்காக 'ஓவர்டிரைவ்' என்ற பெயரில் மாற்று ப்ராசசர் விற்றது. முழு கம்ப்யூட்டர் வாங்கக் காசில்லையா, சிப்பை மட்டும் மாற்றிக்கொள் என்பதுதான் கணக்கு. 1998-ல் வந்த செலரான் 300ஏ இன்னொரு கூத்து. 300 மெகாஹெர்ட்ஸ் சிப்; போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 ஆக்கினால் பலருக்கு 450-ல் ஓடியது. விலை குறைந்த சிப்பில் விலை உயர்ந்த வேகம். கேம் விளையாடும் கூட்டம் விடுமா?

நம் கதைக்கு முக்கியம் 2004-ல் வந்த 775 சாக்கெட். அதுவரை ப்ராசசரில் இருந்த பின்கள் அன்றிலிருந்து போர்டுக்குப் போய்விட்டன. பென்டியம் 4, 2006-ல் கோர் 2 டுவோ, 2007 ஜனவரியில் க்யூ6600 என எல்லாமே அதே அளவு சாக்கெட்டில் உட்காரும். உட்காரும் என்பதால் ஓடும் என்று அர்த்தமில்லை. சிப்செட்டும் பயாஸும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய வில்லன் சூடு. எங்கள் ஈ5200 65 வாட். க்யூ6600 முதலில் 105 வாட், பிறகு வந்த பதிப்பு 95. இட்லிப் பானை அளவு பெட்டியில் அந்தச் சூடு எங்கே போகும்?

இன்டெலுக்கும் இது தெரியும். 2009-ல் க்யூ8200எஸ், க்யூ9550எஸ் என்று 65 வாட்டிலேயே நான்கு கோர் சிப்களை விட்டது. சின்னப் பெட்டிக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் ஆவடியில் ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய்க் கடைகடையாக ஏறி இறங்கியும் எங்களுக்கு 'எஸ்' கிடைக்கவில்லை. அண்ணன் ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் பழைய க்யூ6600 ஒன்றை வாங்கிவிட்டான்.

மாட்டினோம். ஓடியது! பத்தே நிமிடம். ஃபேன் மிக்ஸி மாதிரி கத்திவிட்டுப் பெட்டி தானாக அணைந்துவிட்டது. மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்த பிறகுதான் நின்று ஓடியது. அப்போதும் கேம் தட்டுத் தடுமாறியே நகர்ந்தது. காரணம் ப்ராசசர் இல்லை, போர்டிலேயே இருந்த கிராபிக்ஸ். அரை உயர ஸ்லாட்டில் பொருந்தும் 30 வாட் ஜிடி 1030 கார்டு 2017-லேயே வந்திருந்தது. முதலில் அதை வாங்கியிருக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னால் இன்றும் முறைக்கிறான்.

கழற்றிய மூடி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.