கண்டல் வேலி

பிச்சாவரம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது படகுத்துறையும் 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’ படமும்தான். நெய்தல் பாடல்களைப் பாடம் சொல்லிப் பிழைக்கும் எனக்குக் கண்டல் நினைவுக்கு வரும். கழி சூழ்ந்த ஊருக்குக் கண்டலே வேலி என்று சங்கப் புலவர்கள் கண்டனர். வகுப்பில் வருணனை என்று கடந்துபோன அந்த வேலியை, 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அவ்வாறு கடக்க இயலவில்லை.

அன்று கடலை ஒட்டிய சின்னவாய்க்கால், பில்லுமேடு, முழுக்குத்துறை ஆகிய ஊர்கள் சிதைந்தன. அலையாத்திக் காட்டுக்குப் பின்னிருந்த வடக்குப் பிச்சாவரமும், இருளர் வாழும் எம்.ஜி.ஆர். நகரும் பெரிதும் தப்பின. பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் 18 குப்பங்களை ஆராய்ந்து, காடே காத்தது என்று 2005இல் எழுதினர். அதே புள்ளிவிவரங்களைக் கொண்டு, காத்தது தொலைவும் மேடும்தான் என்று 2006இல் வேறு சிலர் மறுத்தனர். மறுப்பில் நியாயம் உண்டு. அலையாத்தி அமைதியான கழியில்தான் வளரும்; அதன் பின்னுள்ள ஊர் இயல்பாகவே கடலுக்கு எட்டத்தில் இருக்கும். வேலி காத்தது மெய். வேலி மட்டுமே காத்தது என்பது மிகை.

ஆனால் சுனாமியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வேலி முன்பே அழிந்து மீண்ட வரலாறு. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை இக்காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டுவது வனத்துறையின் முறையாக இருந்தது. வெட்டிய இடம் தானே முளைக்கும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. பழி விறகு பொறுக்கிய ஏழைகள்மீதும் அவர்களுடைய மாடுகள்மீதும் விழுந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணைப் பார்த்தனர். நிழல் போனதும் சேற்றின் ஈரம் வற்றி, நிலம் தொட்டிபோல் அமிழ்ந்துவிட்டது. ஏற்றத்தில் புகுந்த நீர் இறக்கத்தில் வெளியேறாமல் தேங்கிக் காய்ந்து, உப்பு ஏறிக் கன்றுகளைக் கொன்றது. குற்றவாளி மாடு அன்று, கோடரி. அதுவும் அரசுக் கோடரி.

மருந்து எளிது. இயற்கை ஓடையிலிருந்து ஒரு முதன்மை வாய்க்கால். அதன் இருபுறமும் மீன்முள் போலச் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதநீர் போய்வரத் தொடங்கியதும் உப்பு இறங்கியது; கரைகளில் வெண்கண்டல் நின்றது. வெட்டியவர்களும் நட்டவர்களும் பழி சுமந்த அதே ஊரார்தாம். வண்டல் படியும் வாய்க்காலை அவ்வப்போது தூர்வாராவிட்டால் பழைய கதையே திரும்பும். சுனாமிக்குப் பின் மணல் மேடுகளில் அவசரமாகச் சவுக்கை நட்டவர்கள் இந்தப் பாடத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

(சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரமும் அலையாத்தி இனமே. அதைக் காட்டாகக் காண இன்று பிச்சாவரத்துக்குத்தான் போகவேண்டும்.)

புதுவையில் பாகூர்ப் பக்கத்துக் கடலோரக் குப்பங்களுக்குச் சுனாமி நேர் அனுபவம். வில்லியனூர்க்காரர்கள் அதைச் செய்தியாகவே அறிந்தனர். ஆயினும் சங்கராபரணி வில்லியனூரைக் கடந்த பின்னரே சுண்ணாம்பாறாகவும் அரியாங்குப்பத்தாறாகவும் பிரிந்து கடலை அடைகிறது. அரியாங்குப்பத்தாற்றின் முகத்தில்தான் தேங்காய்த்திட்டு அலையாத்திகள் நிற்கின்றன. அவற்றுக்கு உப்புநீரோடு நன்னீரும் வேண்டும். மேலே வீடூர் அணை, வழியெங்கும் ஊர்க்கழிவு. திருக்காஞ்சிப் படித்துறையில் நிற்பவர் காலடியில் ஓடும் நீர்தான், ஓடும் மாதங்களில், அந்தக் கன்றுகளுக்குப் போய்ச்சேருகிறது.