கம்பெனி ஓவியம் முதல் சிகாகோ வரை

அரசரும் கடவுளரும் அல்லாத பெயரற்ற மாந்தரை அவர்களது அன்றாட வாழ்வின் நடுவே வைத்துத் தீட்டும் ஓவியவகை அமெரிக்காவில் 1830-களில் வேரூன்றியது. வில்லியம் சிட்னி மவுண்ட் 1836-இல் வரைந்த உழவர் படத்தில், நண்பகல் ஓய்வின்போது வைக்கோலின்மேல் உறங்கும் கறுப்பினத் தொழிலாளியின் காதை ஒரு சிறுவன் துரும்பால் சீண்டுகிறான். தென்னிந்தியாவிலும் எளியோரைத் தீட்டும் வழக்கம் அக்காலத்தில் இருந்ததெனினும், அதன் நோக்கம் வேறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள் வாங்குவதற்காகத் தஞ்சாவூர் ஓவியர்கள் தாளிலும், திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் காக்காய்ப்பொன் எனப்படும் அப்பிரகத் தகட்டிலும் வரைந்த இப்படங்கள் ‘கம்பெனி ஓவியங்கள்’ எனப்பட்டன. அவற்றில் ஒவ்வொரு சாதியாரும் தத்தம் தொழிற்கருவியுடன், பெரும்பாலும் கணவனும் மனைவியுமாக நிற்பர். சீண்டலுக்கோ உறக்கத்துக்கோ அங்கே இடமில்லை.

கிளிமானூரில் 1848-இல் பிறந்த ராஜா ரவி வர்மா, எண்ணெய் வண்ணத்தின் துணையால் அம்மாந்தரை வீட்டுக்குள் அழைத்து வந்து அவர்களுக்கு ஒரு கணத்தைத் தந்தார் எனலாம், ஆனால் அவர் அழைத்தவர் பெரும்பாலும் அவருடைய வகுப்பினரே. தலைவாரும் நாயர் பெண்ணின் படம் 1873-இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் பொற்பதக்கம் பெற்றது. 1893-இல் தீட்டிய ‘அதோ அப்பா வருகிறார்’ என்னும் பொருள்கொண்ட படத்தில் குழந்தையை ஏந்தி நிற்பவர் ஓவியரின் மகளே. நாடோடிப் பெண்ணொருத்தி பிள்ளைகளுடன் அமர்ந்திருக்கும் படம் இவ்வரிசைக்கு அரிய விலக்கு. அதே 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குச் சென்ற அவரது பத்துப் படங்கள் பரிசு பெற்றபோது, நடுவர்கள் அவற்றின் இனவரைவியல் பயனையும், அதாவது மக்களின் உடை, வழக்கம் ஆகியவற்றை அறிய உதவும் தன்மையையும், பாராட்டினர். கம்பெனி அதிகாரி தஞ்சாவூர்ப் படங்களைப் பார்த்த அதே கண் இது!

படத்தைப் பரப்பிய முறையும் அமெரிக்க ஓவியர்களுக்கும் ரவி வர்மாவுக்கும் இடையிலான வேறுபாட்டை ஓரளவு விளக்குகிறது. அமெரிக்கக் கலைச் சங்கம் 1847-இல் ஜார்ஜ் காலெப் பிங்கமின் படகோட்டிகள் படத்தைச் செதுக்கச்சில் அச்சிட்டு ஏறத்தாழ 10,000 உறுப்பினருக்கு அனுப்பியது. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய கல்லச்சகமோ இலக்குமி, சரசுவதி படங்களாலேயே நாடெங்கும் பெயர்பெற்றது. உழவனின் படத்தைச் சுவரில் மாட்ட விரும்பும் வாங்குநர் திரளாக இல்லாத இடத்தில், ஓவியர் ஒருவரை மட்டும் குறைகூறுவது பொருந்தாது.

ஆயினும் ரவி வர்மாவின் சொந்தத் திருவிதாங்கூரிலேயே, அவர் வாழ்நாளில், காட்டை அழித்து ஒரு புதிய உழைப்புலகம் உருவானது. மூணாறு மலைப்பகுதியில், பூஞ்ஞாறு அரசரிடமிருந்து 1877-இல் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்குப் பெற்றபின் தோட்டங்கள் எழுந்தன. ஆள் சேர்க்கும் கங்காணிகள் தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்களை மலையேற்றினர். அங்கே தேயிலைக் கொழுந்து கிள்ளிய பெண்களுக்கு ரவி வர்மாவின் புகழ்பெற்ற ஓவியங்களில் இடமில்லை. தேயிலைத் தோட்டத்து உழைப்பைப் பெருமளவில் படமாக்கியது ஒளிப்படக்கருவியே.